ஆசைக்கு விலை பேசலாமா?

உங்கள் வீட்டுக் குழந்தை தன்பாட்டுக்கு உட்கார்ந்து படம் வரைகிறது. பார்க்கப் பெருமையாக இருக்கிறது. "இன்னும் நாலு படம் போடு, சாக்லேட் தருகிறேன்" என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்!

1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று மனோதத்துவ நிபுணர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் நர்சரிப் பள்ளியில், படம் வரைவதென்றால் உயிரை விடும் குழந்தைகளாகப் பொறுக்கி, மூன்று கோஷ்டிகளாகப் பிரித்தார்கள். முதல் கோஷ்டியிடம், "படம் வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சர்டிபிகேட்தான் பரிசு! இரண்டாவது கோஷ்டிக்கு அதே பரிசு, சொல்லாமல் கொள்ளாமல் கிடைத்தது. மூன்றாவதற்கு ஒன்றுமில்லை.

ஓரிரு வாரம் கழித்து, ஸ்கெட்ச் பேனாக்களை மேஜைமேல் வைத்துவிட்டு மறைவாகக் கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள், மற்றக் குழந்தைகளைப்போல் ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தன! எதிர்பாராமல் பரிசு பெற்றவைகளுக்கோ ஆசை குறையவே இல்லை.

காரணம் என்ன? இஷ்டப்பட்டுச் செய்தது, கூலிக்குச் செய்யும் வேலையாகிவிட்டது என்கிறார்கள் நிபுணர்கள். கெடுத்தது பரிசு அல்ல. முன்னதாகப் பேசிய பேரம்.

அதற்காகப் பரிசே கூடாது என்பதில்லை. வாய்ப்பாடு என்றாலே ஓடி ஒளிகிற பிள்ளைக்கு மிட்டாய் காட்டுங்கள். அங்கே கெடுவதற்கு ஆசை ஏது? தானாக ஆசைப்பட்டுச் செய்கிற காரியத்துக்கு மட்டும் விலை பேசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த யானை எங்கே போகிறது?" என்று கேளுங்கள். அது போதும்.