ஒன்பது ஃபேன் ஓடியும் சத்தமில்லை... எப்படி?

இரவு பத்தரை மணி. வீட்டில் எல்லாரும் படுத்தாயிற்று. மூலையில் இருக்கும் கம்ப்யூட்டர் மட்டும் 'உஸ்ஸ்...' என்று இரைந்துகொண்டிருக்கிறது. கல்யாண வீடியோ எடிட் செய்பவர், அனிமேஷன் படிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகளில் இது பழகிப்போன சத்தம். "அதைக் கொஞ்சம் நிறுத்தித் தொலையேன்!" என்ற குரலும் பழகியதுதான்.

அதிலும் இரண்டு பிராசஸர் உள்ள ஒர்க்ஸ்டேஷன் என்றால் கேட்கவே வேண்டாம். கணக்குப் போடும் மூளை இரண்டு. வெப்பமும் இரண்டு மடங்கு. அதை வெளியே தள்ள ஃபேன்கள் வெறிபிடித்ததுபோலச் சுழலும். இந்தச் சத்தத்தோடு ஒரு பெரிய நிறுவனமே மல்லுக்கட்டிய கதை இருக்கிறது. அதில் நமக்கும் பாடம் உண்டு.

காற்றுச் சுரங்கம்!

2002 ஆகஸ்ட்டில் ஆப்பிள் நிறுவனம் 'பவர் மேக் ஜி4' கம்ப்யூட்டரின் புதிய மாடல்களை வெளியிட்டது. எல்லாவற்றிலும் இரண்டு பிராசஸர்கள். வேகத்தில் குறையில்லை, இரைச்சல்தான் தாங்கவில்லை. விமானங்களைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தை நினைத்து, 'விண்ட் டன்னல்' என்றே அதற்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தக் கம்ப்யூட்டரை விரும்பி வாங்குபவர்களில் இசைத்துறையினர் அதிகம். பாடகர் மூச்சு விடுவதைக்கூடப் பதிவு செய்யும் மைக் முன்னால் ஃபேன் இரைந்தால் என்ன ஆகும்? புகார்கள் குவிந்தன. 2003-ல், சுமார் 20 டாலர் செலவில் சத்தம் குறைந்த பவர் சப்ளையையும் ஃபேனையும் மாற்றிக்கொள்ள ஆப்பிள் வழி செய்தது.

அதே ஆண்டு ஜூனில் 'பவர் மேக் ஜி5' அறிமுகமானது. அதன் உயர் ரக மாடலில் முன்பைவிட வேகமான இரண்டு பிராசஸர்கள். ஃபேன்கள் எத்தனை தெரியுமா? ஒன்பது! ஆனாலும் சாதாரண வேலைகளின்போது பழைய ஜி4-ஐவிட அமைதி.

மெதுவாகச் சுற்றும் சூட்சுமம்

ஒன்பது ஃபேன் என்றால் ஒன்பது மடங்கு சத்தம் என்றுதான் நினைப்போம். காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஒரே மாதிரியான இரண்டு ஃபேன்கள் ஓடினால், ஒன்றைவிட 3 டெசிபல்தான் கூடும். ஒரு சத்தம் நமக்கு இரண்டு மடங்காகக் கேட்க, சுமார் 10 டெசிபல் கூட வேண்டும்.

ஃபேனின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். சத்தமோ தோராயமாக 15 டெசிபல் இறங்கிவிடும். அதாவது, முழு வேகத்தில் ஓடும் ஒரு ஃபேனுக்குப் பதிலாக, பாதி வேகத்தில் இரண்டை ஓட விட்டால் காற்று கிட்டத்தட்ட அதே அளவு. சத்தம் 12 டெசிபல் குறைவு!

ஜி5 இந்தக் கணக்கைத்தான் பயன்படுத்தியது. பெட்டியின் உட்புறத்தை நான்கு அறைகளாகப் பிரித்தார்கள். பிராசஸர்களுக்கு ஒன்று, டிஸ்க்குகளுக்கு ஒன்று, கார்டுகளுக்கு ஒன்று, பவர் சப்ளைக்கு ஒன்று. சல்லடைபோலத் துளையிட்ட முன்பக்கம் வழியே காற்று நுழைந்து, நேராகப் பின்பக்கம் வெளியேறும். எந்த அறை சுடுகிறதோ அந்த அறையின் ஃபேன் மட்டும் வேகம் எடுக்கும். ஒரு பிராசஸரின் சூடான காற்று இன்னொன்றின் முகத்தில் அடிக்காமல், இரண்டுக்கும் தனித்தனி ஃபேன்கள்.

தண்ணீர் வைத்த சோதனை

2004-ல் வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ் ஆனது. சிப் சிறியதானதால், அவ்வளவு வெப்பமும் மிகச் சிறிய இடத்தில் குவிந்தது. கார் ரேடியேட்டர் பாணியில், குழாயில் திரவத்தை ஓடவிட்டுக் குளிர்வித்தார்கள். சில ஆண்டுகளில் சில கம்ப்யூட்டர்களில் திரவம் கசிய ஆரம்பித்தது. பிராசஸரைக் கெடுத்து, கீழே இருந்த பவர் சப்ளை வரை சொட்டி, மொத்தத்தையும் பாழாக்கியது. 2006-ல் இரண்டு இன்டெல் ஜியான் பிராசஸர்களோடு 'மேக் ப்ரோ' வந்தபோது, மறுபடியும் காற்றுக்கே திரும்பிவிட்டார்கள்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

* முதல் எதிரி தூசி. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையில் படிந்த தூசியை மெல்லிய பிரஷ்ஷால் எடுங்கள். புளோயர் அடித்தால், ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

* கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய அறைக்குள் பெட்டியைத் திணிக்காதீர்கள். வெளியேறிய சூடான காற்றையே அது மறுபடி இழுத்து, இன்னும் வேகமாக இரையும்.

* ஃபேன் மாற்றுவதாக இருந்தால், இடம் இருக்கும்பட்சத்தில் 80 மில்லிமீட்டருக்குப் பதில் 120 மில்லிமீட்டர் ஃபேன் நல்லது. மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தரும். சில ஒர்க்ஸ்டேஷன்களில் ஃபேன் இணைப்பு தனி வகை. வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

* பழைய ஒர்க்ஸ்டேஷன் வாங்கினால், பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். இரண்டு பிராசஸருக்கும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

* சத்தம் தாங்காமல் ஃபேன் வயரைப் பிடுங்கிவிடாதீர்கள். பிராசஸர் சூடானால் வேகத்தைக் குறைத்து, கடைசியில் தானாக அணைந்து தப்பித்துக்கொள்ளும். ஹார்டு டிஸ்க்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதில்தான் உங்கள் குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கும்.

இன்று இரவு கம்ப்யூட்டர் இரையும்போது, அதன் பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். சூடான காற்று தாராளமாக வந்தால், அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. சத்தம் மட்டும் வந்து காற்று வரவில்லையா? ஞாயிற்றுக்கிழமை பிரஷ்ஷை எடுத்துவிடுங்கள்!