கத்தி நம் கையில், கையெழுத்து யார் கையில்?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் நம் குடியிருப்புகளுக்குப் போய் வருவது எங்கள் வழக்கம். அவிநாசி, ஊத்துக்குளி, பல்லடம், தாராபுரம் என எந்தப் பக்கம் போனாலும் ஒரே நிலைதான். முடிவு வருவதற்கு முன்பே பிள்ளைகள் பனியன் கம்பெனியில் செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ நிற்கிறார்கள். லீவுக்குப் போகிற வேலை என்றுதான் தொடங்குகிறது. சனிக்கிழமைச் சம்பளம் நாலு முறை வீட்டுக்கு வந்துவிட்டால் கல்லூரிப் பேச்சு மெல்ல நின்றுவிடுகிறது.

அப்படிப் போனபோது ஒரு தாய் எங்கள் முன் ஒரு சான்றிதழை எடுத்து வைத்தார். மகள் ஆறு மாதம் படித்த ‘லேப் டெக்னீஷியன்’ சான்றிதழ். மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருக்கிறார். ஒன்றரை ஷிப்ட் பார்த்து அந்தக் கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார். “ஏனுங்க, இது கவர்மெண்டு ஆசுபத்திரி வேலைக்குச் செல்லாதுன்னு சொல்றாங்களே, நெசமாங்க?” என்று கேட்டார்.

நிஜம்தான். பஸ் ஸ்டாண்டில் துண்டு நோட்டீஸ் கொடுத்த அந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் எதுவும் இல்லை. அந்தத் தாயிடம் அதைச் சொல்ல எங்களுக்கு நாக்கு எழவில்லை. ஆனால் அவர் மகள் தேர்ந்தெடுத்த துறை தவறு என்று நாங்கள் நினைக்கவில்லை. மருத்துவ ஆய்வகம், குற்றவியல் நீதி ஆகிய இரண்டு துறைகளுக்கும் நம் பிள்ளைகள் கூட்டமாகப் போக வேண்டும் என்றே சொல்கிறோம்.

பிணவறையும் அறிக்கையும்

அரசு மருத்துவமனைப் பிணவறைகளில் உடலை அறுத்துத் தைத்துக் கொடுப்பவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் நம் ஆட்கள். ரத்தம், மலம், பிணம் இவற்றைத் தொடும் வேலை தலைமுறை தலைமுறையாக நம் தலையில் கட்டப்பட்டது. தீட்டு என்று ஒதுக்கியவர்கள் அந்த வேலையை மட்டும் நம்மிடமே விட்டுவைத்தார்கள். அதே ரத்தம் கண்ணாடிக் குழாய்க்குள் போய், அதே உடல் அறிக்கையாக மாறும்போது அது படிப்பாகவும் பதவியாகவும் ஆகிவிடுகிறது. அங்கே நம் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. கத்தி பிடிப்பவர் நம்மவர், கையெழுத்துப் போடுபவர் வேறொருவர்.

அந்தக் கையெழுத்தின் விலை என்ன என்பதை வன்கொடுமை வழக்குகளில் பார்க்கிறோம். ஊரில் அடிபட்டவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனதும் விபத்துப் பதிவேட்டில் முதல் வரி எழுதப்படுகிறது. ‘தெரிந்த நபர்கள் தாக்கியதாக’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘தவறி விழுந்ததாக’ என்று ஏறிவிட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் முதலில் கையில் எடுப்பது அந்தத் தாளைத்தான். அது தெரிந்த ஒரு பிள்ளை அடிபட்டவரோடு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லிக் கேட்கும்.

சாட்சி பிறழும்போது

ஊரில் நடந்ததை ஊரே பார்த்திருக்கும். நீதிமன்றத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நிலமும் வேலையும் கடனும் ஒரே சாதியின் கையில் இருக்கும் ஊரில் சாட்சி பிறழ்வது வியப்பல்ல. அதனால்தான் அறிவியல் சான்று நமக்கு முக்கியம்.

2016 மார்ச் 13 அன்று நம் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். குமரலிங்கத்தைச் சேர்ந்த பொறியியல் மாணவர். அந்தக் கொலை கண்காணிப்புக் கேமராவில் பதிவானது. 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றம் 6 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர்களில் 5 பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது, சங்கரின் மனைவி கௌசல்யாவின் தந்தையை விடுவித்தது. நேரடியாக வெட்டியவர்களைக் கேமரா காட்டிக்கொடுத்தது. பின்னால் இருந்து ஏவியவர் யார் என்பதை நிறுவுவது வேறு வேலை. அதற்குத் தொலைபேசித் தொடர்பு, பணப் பரிமாற்றம் என ஒவ்வொரு கண்ணியையும் சட்டம் ஏற்கும்படி கோக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.

ஓமலூர் கோகுல்ராஜின் உடல் 2015 ஜூனில் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் கிடந்தபோது தற்கொலை என்றே முதலில் பேச்சு எழுந்தது. வழக்கின் முக்கிய சாட்சி பின்னர் பிறழ்ந்தார். இருந்தும் திருச்செங்கோடு கோயிலின் கேமரா பதிவும் சூழ்நிலைச் சான்றுகளும் நின்றன. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அவர்களில் 8 பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது, மற்ற 2 பேரின் தண்டனையைக் குறைத்தது.

ஆய்வகம் மட்டும் போதுமா என்றால் போதாது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலைப் பார்ப்போம். 2022 டிசம்பர் கடைசியில் குழந்தைகள் நோயுற்ற பிறகுதான் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. டி.என்.ஏ. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களும் இருந்தார்கள். அவர்களில் சிலர் மறுத்தார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே மக்களில் 3 பேரைக் குற்றம்சாட்டியது. அதை அந்த மக்களும் பல இயக்கங்களும் ஏற்கவில்லை. மாதிரியை யாரிடம் எடுப்பது, எப்போது எடுப்பது, முடிவை எப்படிப் படிப்பது என்ற ஒவ்வொரு படியிலும் மனிதர்களின் முடிவு இருக்கிறது. அந்தப் படிகளில் எல்லாம் நம்மவர்களும் இருந்தால்தான் கேள்வி கேட்க முடியும்.

தண்ணீருக்கான சட்டப் போராட்டம் நமக்குப் புதிதல்ல. 1927இல் மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அது தனியார் குளம் என்று சாதி இந்துக்கள் தொடுத்த வழக்கை அவர் 10 ஆண்டுகள் நடத்தினார் என்பதைப் பலர் மறந்துவிட்டோம். 1937 மார்ச்சில்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வெற்றி கிடைத்தது.

வழிகள் என்ன?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 176(3) பிரிவு, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கு வந்து சான்று சேகரிக்க வேண்டும் என்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு. அப்படியானால் ஆட்கள் தேவைப்படுவார்கள். கோவையில் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. வேதியியல், உயிரியல், தடயவியல் முதுகலை முடித்தவர்கள் டி.என்.பி.எஸ்.சி. வழியாக அத்துறைக்குள் போகலாம்.

மருத்துவ ஆய்வகத் துறையில் டி.எம்.எல்.டி. பட்டயப் படிப்பு 2 ஆண்டு. பி.எஸ்சி. எம்.எல்.டி. பட்டப் படிப்பு பயிற்சிக் காலத்தோடு 4 ஆண்டு. உயிரியல் பாடத்தோடு அறிவியல் பிரிவு படித்திருக்க வேண்டும். நீட் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. மருத்துவத் தேர்வு வாரியத்தின் ஆய்வக நுட்புநர் வேலைக்கு மருத்துவக் கல்வி இயக்ககம் அங்கீகரித்த நிறுவனத்தின் சான்றிதழ் கேட்கப்படுகிறது. ஆறு மாதச் சான்றிதழ் அங்கேதான் மடங்கி விழுகிறது.

சட்டம் படிக்க விரும்புவோருக்குப் பிளஸ் டூ முடித்ததும் 5 ஆண்டுப் படிப்பு உண்டு. கோவையில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் பொருந்தும். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல், குற்றவியல் நீதிக்கென்றே தனித் துறை இயங்குகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி சிறப்பு அரசு வழக்கறிஞர்கள் வேண்டும். விதி 4(5)இன்படி பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞரை அமர்த்த மாவட்ட ஆட்சியரிடம் கேட்கலாம். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்து சொல்ல ஊருக்கு ஒரு பிள்ளை வேண்டும்.

பணம்தான் தடை என்பவர்களுக்கு: குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அருந்ததியருக்குப் பட்டியல் சாதியினரின் 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009 முதல் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் உள் ஒதுக்கீட்டை ஏற்றுவிட்டது. சாதிச் சான்று, வருமானச் சான்றுகளை இப்போதே எடுத்து வையுங்கள்.

பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சான்றிதழ் தருவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்த அரசுத் துறை? பயிற்சி எந்த மருத்துவமனையில்? உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அந்தக் கல்லூரிக்குத் தகுதி உண்டா? இதற்கு எழுத்தில் பதில் தராத இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

சான்றிதழைக் காட்டிய அந்தத் தாயின் மகள் அறிவியல் பிரிவு படித்தவர். இப்போதும் வழி இருக்கிறது என்று சொன்னபோது தாய் உடனே நம்பவில்லை. ஒருமுறை ஏமாந்தவர் எப்படி நம்புவார்? வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துக்கு நாங்களும் கூடவே போனோம். மகள் பட்டப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார். பகலில் செக்கிங் மேசையில் நிற்கிறார், இரவில் பாடப் புத்தகத்தைத் திறக்கிறார். அவர் பெயர் ஒருநாள் ஓர் ஆய்வறிக்கையின் கீழே வர வேண்டும். உங்கள் குடியிருப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், பனியன் கம்பெனியில் இரண்டாவது மாதச் சம்பளம் வாங்கும் முன்பே போய்ப் பேசுங்கள்.