தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் கட்டைகள்: எப்போது, எப்படி மாற்றுவது?

கோடை வந்துவிட்டால் தென்னங்கன்றுக்கும் மாங்கன்றுக்கும் டிராக்டர் டிரெய்லரில் தொட்டியை ஏற்றித் தண்ணீர் கொண்டு போக வேண்டிய நிலை பல விவசாயிகளுக்கு ஏற்படுகிறது. ராசிங்காபுரம், சிலமலைப் பகுதியில் மலையடிவாரத்துத் தோட்டங்களுக்குப் போகும் பாதைகள் மேடும் பள்ளமும் நிறைந்தவை. டயரையும் கொக்கியையும் பார்த்துக் கொள்ளும் விவசாயிகள்கூடத் தொட்டிக்கு அடியில் கிடக்கும் இரண்டு மரக்கட்டைகளை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்பது ஒரு டன் எடை. அவ்வளவு எடையையும் சுமப்பவை அந்தக் கட்டைகளே. ஒரு கட்டை உளுத்து அமுங்கினால் தொட்டி ஒரு பக்கம் சாயும். தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடும். சரிவான இடத்தில் டிரெய்லர் கவிழ இதுவே போதும்.

கட்டை கெடுவதற்குக் காரணம் பாரம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் பெரும்பாலும் கெடுப்பது அதன் மேல் விரித்த சாக்குதான். தொட்டி உராயாமல் இருக்கட்டும் என்று கட்டையில் கோணிச் சாக்கை நான்கு மடிப்பாகச் சுற்றி ஆணி அடித்து விடுகிறோம். தொட்டி நிரம்பி வழியும்போதெல்லாம் சாக்கு நனைகிறது. மேலே தொட்டி அழுத்திக் கொண்டிருப்பதால் காற்றும் படுவதில்லை, வெயிலும் படுவதில்லை. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சாணத்துக்கு ஈரம் வேண்டும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. நமது வட்டாரம் மலையின் மழை மறைவில் உள்ளது. ஆனி, ஆடியில் சாரலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் தவிர மற்ற நாட்களில் காய்ச்சல்தான். திறந்து கிடக்கும் மரம் இங்கே எளிதில் உளுக்காது. ஆனால் நனைந்த சாக்குக்குள் கிடக்கும் கட்டைக்குப் பன்னிரண்டு மாதமும் மழைக்காலமே.

மேல்நாடுகளில் சிறு படகுகளை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டு போவார்கள். அவற்றிலும் படகின் அடிவயிறு இரண்டு நீளக் கட்டைகளின் மேல்தான் உட்காரும். கீறல் விழாமல் இருக்கக் கட்டைக்குக் கம்பளம் சுற்றுவார்கள். அந்தக் கம்பளமும் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கட்டையை உளுக்கச் செய்வதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கம்பளத்தையும் கட்டையையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். பொருள் வேறானாலும் நோய் ஒன்றுதான்.

சோதிப்பது எளிது. தொட்டி காலியாக இருக்கும்போது சாக்கை விலக்கி, கட்டையின் இரு முனைகளிலும் ஆணித் துளைகளைச் சுற்றியும் ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை நுழையாது. கால் அங்குலத்துக்கு மேல் மெத்தென்று இறங்கினால் கட்டையின் காலம் முடிந்தது. சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்காமல் பொத்தென்று கேட்பதும் ஓர் அடையாளம். மேலே நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. இரும்புச் சட்டத்தில் உட்காரும் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

ஒரு கட்டை மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் மாற்றுவதே நல்லது. பழைய கட்டை பாரத்தில் அமுங்கியிருக்கும். புதியது அதைவிட உயரமாக நிற்கும். தொட்டி முதல் நாளே சாய்ந்து உட்காரும். அளவையும் அமுங்கிய கட்டையிலிருந்து எடுக்காமல் சட்டத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

எந்த மரம்? போடியில் மர அறுவை மில்லுக்குப் போனால் மலிவாகக் கிடைப்பவை மா, இலவம், மலைத்தோட்டத்துச் சில்வர் ஓக். இம்மூன்றும் பெட்டி அடிக்க ஏற்றவை. ஈரத்தில் கிடக்கும் கட்டைக்கு ஆகா. தேக்கு, வேம்பு, பூவரசு, கருவேல் ஆகியவற்றின் வைரப்பகுதி நல்லது. எந்த மரமானாலும் வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறான வெள்ளைப் பகுதியைச் சேர்க்க வேண்டாம். தேக்காயினும் அந்தப் பகுதி சீக்கிரம் உளுக்கும். பச்சை மரத்தை அறுத்த கையோடு பூட்டினால் காயக் காயச் சுருங்கி வெடிக்கும், போல்ட்டும் தளரும். எனவே தையிலேயே அறுத்து, இடையே குச்சி கொடுத்து நிழலில் அடுக்கிவிட்டால் சித்திரைக்குள் ஓரளவு காய்ந்துவிடும். அவசரம் என்றால் பழைய வீட்டு உத்திரம் ஒன்றை விலைக்கு வாங்கி அறுத்துக் கொள்ளலாம். நன்றாகக் காய்ந்த மரம் அதைவிட வேறு கிடைக்காது.

கட்டை இரும்புச் சட்டங்களுக்கு இடையே தொங்கி நின்றால், 4 அங்குலத்துக்கு 3 அங்குலக் கட்டையை 4 அங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி வைக்க வேண்டும். படுக்க வைப்பதைவிட வலிமை மூன்றில் ஒரு பங்கு கூடும். இரும்புத் தகட்டுத் தளத்தின் மீது முழுதும் படிந்து கிடக்கும் கட்டையாயின் படுக்க வைப்பதே சரி. தொட்டியின் உயரம் குறைவது நமக்கு லாபம். இது உருளையாகப் படுத்த தொட்டிக்குச் சொன்னது. தட்டையான அடி உள்ள பிளாஸ்டிக் தொட்டியை வெறும் இரண்டு கட்டைமேல் வைக்கவே கூடாது. அடி தொங்கி வெடித்துவிடும். கட்டைகளின் குறுக்கே ஒன்றரை அங்குலப் பலகைகளை, தண்ணீர் வடியச் சிறிய இடைவெளி விட்டு, அடிப்பரப்பு முழுவதும் தாங்கும்படி பரப்ப வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் தொட்டியை அடியோடு காலி செய்து இறக்கி விடுங்கள். சக்கரங்களுக்கு முட்டுக்கல், கொக்கி முனைக்கு உறுதியான தாங்கு கொடுங்கள். புதிய கட்டையின் மேல் விளிம்புகளைச் சற்றுச் சீவி, தண்ணீர் தங்காமல் வழியும்படி செய்ய வேண்டும். மரம் ஈரத்தை மிக வேகமாக உறிஞ்சுவது அறுத்த முனைகளின் வழியேதான். ஆகையால் முனைகளுக்கும் போல்ட் துளைகளின் உட்புறத்துக்கும் தார் இரண்டு முறை பூசுங்கள். கட்டையின் மேல்முகத்தில் ஒரு துளைகூட வேண்டாம். சட்டத்தில் ஆங்கிள் துண்டுகளைப் பற்றவைத்து, பக்கவாட்டில் அரை அங்குலப் போல்ட் போட்டு, இருபுறமும் அகலமான வாஷர் கொடுத்து முடுக்கினால் ஆணி முனை தொட்டியைக் குத்தும் பயமும் இல்லை.

சாக்குக்குப் பதில் பழைய டயரிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டுகளை வைக்கலாம். அதையும் முழு நீளத்துக்குப் போர்த்தக் கூடாது. அடியில் ஈரம் நிற்கும். கையகலத் துண்டுகளாக இடைவெளி விட்டு வைத்து, பக்கவாட்டில் மடித்து ஆணி அடிக்க வேண்டும். கம்பி நீட்டிக் கொண்டிருக்கும் டயர் கூடாது.

மலைச்சரிவில் ஏலத்தோட்டம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அழுகல் நோய்க்கு 1 சதவீத போர்டோ கலவை தயாரிக்க, 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ மயில் துத்தமும் 1 கிலோ சுண்ணாம்பும் சேர்க்கிறோம். துத்தக் கரைசல் இரும்பை அரிக்கும். அதனால்தான் அதை இரும்புப் பாத்திரத்தில் கரைக்க வேண்டாம் என்கிறோம். டிரெய்லர்மேல் வைத்துக் கரைத்தால் சிந்துவது முதலில் போல்ட்டைத்தான் தின்னும். நாக முலாம் பூசிய போல்ட்டும் தப்பாது. செம்பு உப்பு ஏற்றிய மரத்தை அலுமினியச் சட்டத்தோடு நேரே சேர்க்கக் கூடாது என்று படகுக்காரர்கள் சொல்வதும் இதே காரணத்தால்தான். துத்தத்தைத் தரையில் பிளாஸ்டிக் வாளியிலேயே கரையுங்கள். சிந்திவிட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கரையானுக்குப் பயந்து, தெளித்து மிஞ்சிய பூச்சிமருந்தைக் கட்டையில் ஊற்றுவது சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. இதை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். கட்டையைத் தூக்குபவர் கையில் அது படும். அதே தொட்டியிலிருந்து வழியும் தண்ணீரை மாடும் ஆடும் குடிக்கின்றன. வேம்பு அல்லது தேக்கு வைரமும், வண்டி நிற்குமிடத்தில் மண் சேராத சுத்தமும் கரையானுக்குப் பெருமளவு போதும்.

தொட்டியை ஏற்றியபின் முன்னும் பின்னும் நகராதபடி தடைக்கட்டை வைத்துக் கட்டுங்கள். இரு சக்கர டிரெய்லரில் பாரத்தின் நடு அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் மேடேறும்போது கொக்கி முனை தூக்கும். பாதி நிரம்பிய தொட்டி இதில் முழுத் தொட்டியைவிட மோசம். தண்ணீர் முழுதும் பின்னுக்கு ஓடிவிடும். முதல் நடையில் புதிய மரம் சற்று அமுங்கும், கயிறும் தளரும். அன்று மாலையே போல்ட்டையும் கயிற்றையும் முடுக்குங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும். வேலையில்லாத மாதங்களில் தொட்டியை இறக்கிக் கட்டைகளை வெயில் காய விடலாம்.