குல்மார்க் போறீங்களா? ஸ்னோபோர்டின் கலரைப் பார்க்காதீங்க... வளைவைப் பாருங்க!

மூன்று நாள் ட்ரிப் சறுக்கலில் முடியுமா, சுளுக்கில் முடியுமா என்பதை போர்டின் அடியில் இருக்கும் சில மில்லிமீட்டர் வளைவு முடிவு செய்யலாம். கேம்பர், ராக்கர், ஃபிளாட், ஹைபிரிட்: யாருக்கு எது செட் ஆகும்?

திருவெண்ணெய்நல்லூரில் 'பனி' என்றால் மார்கழி விடியலில் வைக்கோல் போர் மேல் நனைந்து கிடப்பது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும், சமாளித்துவிடலாம். அதே மார்கழியில், டிசம்பர் 21ஆம் தேதி காஷ்மீரில் 'சில்லாய் கலான்' தொடங்குகிறது. ஆண்டின் கடுங்குளிரான 40 நாட்கள் அவை. அங்கே பனி என்பது முழங்கால் வரைக்கும், சில நாள் இடுப்பு வரைக்கும் கூட விழுந்து கிடக்கும்.

இந்த இரண்டு பனிக்கும் நடுவில் இப்போது ஒரு கூட்டம் பயணம் செய்கிறது. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை, நாலு நாள் லீவு, ஸ்ரீநகருக்கு ஃபிளைட், அங்கிருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில் குல்மார்க். பனிச்சறுக்கு ரீல்ஸ் பார்த்துப் பார்த்து ஆசை வந்தவர்கள். நேராக வாடகைக் கடைக்குப் போய், பார்க்க அழகாக இருக்கும் போர்டை எடுப்பார்கள். மதியத்துக்குள் பத்து முறை விழுந்திருப்பார்கள். "நமக்கு இது வராதுப்பா" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

புதிதாகக் கற்பவர் எந்த போர்டிலும் விழத்தான் செய்வார். ஆனால் தப்பான போர்டு, விழவேண்டிய தேவையே இல்லாத இடத்திலும் தள்ளிவிடும்.

கேம்பர்னா என்ன?

ஒரு வாழைப்பழத்தை மேஜை மேல் வையுங்கள். இரண்டு நுனியும் மேஜையைத் தொட்டு, நடுப்பகுதி தூக்கி நின்றால் அது கேம்பர். அப்படியே கவிழ்த்துப் போட்டு, நடு வயிறு மேஜையைத் தொட்டு நுனிகள் தூக்கி நின்றால் அது ராக்கர். ஸ்னோபோர்டில் இந்த வளைவு வாழைப்பழம் அளவுக்குக் கிடையாது. சில மில்லிமீட்டர்தான். தரையில் வைத்து, பக்கவாட்டில் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

அவ்வளவு சின்ன வளைவு என்ன செய்துவிடும்? பெரியசெவலை சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். காலியாக இருக்கும்போது அதன் ஸ்பிரிங் பட்டை வளைந்திருக்கும். பாரம் ஏற ஏற நிமிரும். பாரம் இறங்கினால் பழையபடி வளையும். பொறியியல் புத்தகங்களில் அந்த வளைவுக்கும் கேம்பர் என்றுதான் பெயர். லாரியில் பட்டையின் நுனிகள் மேல் நோக்கி இருக்கும், ஸ்னோபோர்டில் கீழ் நோக்கி இருக்கும். வேலை ஒன்றேதான்.

கேம்பர் போர்டு மேல் நீங்கள் ஏறி நின்றால் நடுப்பகுதி அமுங்கி, போர்டு தட்டையாகிறது. அப்போது உங்கள் எடை காலடியில் மட்டும் நிற்காமல் மூக்கிலிருந்து வால் வரை பரவுகிறது. போர்டின் ஓரத்தில் ஓடும் இரும்பு விளிம்பு, அதாவது எட்ஜ், முழு நீளத்துக்கும் பனியைக் கடித்துப் பிடிக்கிறது. வேகத்தில் திரும்பும்போது வழுக்காது. திருப்பம் முடிந்து எடை குறைந்ததும் அமுங்கிய வளைவு ஸ்பிரிங் மாதிரி உங்களைத் தூக்கிவிடும். குதிப்பதற்கு இது சுகம். ரேஸ் ஓட்டுபவர்களும் பெரிய ஜம்ப் அடிப்பவர்களும் இன்றைக்கும் கேம்பரை விடாததற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் ஏன் எல்லோரும் கேம்பர் எடுக்கறதில்ல?

பிடிமானம் கொடுக்கும் அதே நுனிகள்தான் புதியவரைக் கவிழ்ப்பதும். மலைச்சரிவில் பக்கவாட்டாகச் சறுக்கிக்கொண்டு வரும்போது, கீழ்ப்பக்கம் இருக்கும் எட்ஜ் ஒரு நொடி பனியில் குத்திக்கொண்டால் போர்டு அங்கேயே நின்றுவிடும். உடம்பு நிற்காது. 'எட்ஜ் கேட்ச்' என்று ஸ்னோபோர்டர்கள் பயப்படுவது இதற்குத்தான். எச்சரிக்கையே இருக்காது. முகம் குப்புறவோ, பின்மண்டை அடிபடவோ சடாரென்று விழவேண்டியதுதான்.

எடையும் ஒரு கணக்கு. விறைப்பான கேம்பர் போர்டை அமுக்கித் தட்டையாக்க எடையோ வேகமோ வேண்டும். 50 கிலோ எடை உள்ள ஒருவர், மெதுவாகப் போகும் முதல் நாளில், 80 கிலோ ஆளுக்கான போர்டில் நின்றால் அது பாரம் ஏறாத லாரி மாதிரிதான். சொன்ன பேச்சு கேட்காது.

ராக்கர் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து!

ஸ்னோபோர்டே கடலின் பிள்ளைதான். 1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர், தன் பெண் குழந்தைகள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீ பலகைகளைச் சேர்த்துக் கட்டினார். ஸ்னோ, சர்ஃப் இரண்டையும் கலந்து அதற்கு 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வந்தது. 1977இல் ஜேக் பர்ட்டன் கார்பென்டர் தொடங்கிய கம்பெனி அதை முழு விளையாட்டாக வளர்த்தது. 1998 நகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டிங் இடம்பிடித்தது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு ராக்கரைப் பார்க்க காஷ்மீர் வரை போகத் தேவையில்லை. மரக்காணம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மாமல்லபுரம். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது அங்கேதான். ஆண்கள் பிரிவில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அங்கே அலைக்குள் இறங்கும் எந்த சர்ஃப் போர்டையும் பக்கவாட்டில் பாருங்கள், மூக்கு மேல் நோக்கி வளைந்திருக்கும். வளைவு இல்லாவிட்டால் அலையில் இறங்கும்போது மூக்கு தண்ணீருக்குள் குத்திக்கொள்ளும். அந்த வளைவின் பெயர்தான் ராக்கர்.

புதிதாக விழுந்த மென்பனியும் கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரிதான். இதைப் பிடித்துக்கொண்ட ஷேன் மெக்கான்கி என்ற ஸ்கீ வீரர் 2000களின் தொடக்கத்தில் 'ஸ்பேட்டுலா' என்ற தலைகீழ் வளைவு ஸ்கீயைக் கொண்டுவந்தார். பின்னாலேயே ஸ்னோபோர்டு கம்பெனிகளும் அந்தப் பக்கம் திரும்பின.

ராக்கர் போர்டில் மூக்கும் வாலும் பனியிலிருந்து விலகி நிற்பதால் எட்ஜ் சிக்குவது குறையும். கால் பக்கம் லேசாகத் திருகினாலே போர்டு சுழலும். ஆழமான மென்பனியில் மூக்கு புதையாமல் மிதக்கும். விலை என்ன? பனி இறுகி ஐஸ் மாதிரி ஆகிவிட்டால் பிடிமானம் போய்விடும். வேகம் கூடினால் போர்டு ஆட்டம் காணும்.

ஃபிளாட், ஹைபிரிட்: நடுவழி ஆட்கள்

ஃபிளாட் என்றால் பெயருக்கேற்றபடி காலடியில் தட்டை. மூக்கும் வாலும் மட்டும் மேலே வளையும். கேம்பர் அளவுக்குத் துள்ளல் இல்லை, ராக்கர் அளவுக்கு வழுக்கலும் இல்லை. நின்று பழக நல்லது.

ஹைபிரிட் இரண்டு வகை. முதல் வகையில் இரண்டு கால்களுக்கும் அடியில் மிதமான கேம்பர், நுனிகளில் ராக்கர். பிடிமானம் வேண்டும், ஆனால் நுனி சிக்கக் கூடாது என்பவர்களுக்கு. இரண்டாவது வகையில் கால்களுக்கு நடுவில் ராக்கர், பாதத்துக்கு அடியிலும் வெளியிலும் கேம்பர். இது இன்னும் விளையாட்டுத்தனமானது, மென்பனியில் நன்றாக மிதக்கும்.

உங்க ஸ்டைல் எது?

• முதல் முறை போகிறவர்: ஃபிளாட், அல்லது கால்களுக்கு அடியில் கேம்பரும் நுனிகளில் ராக்கரும் உள்ள ஹைபிரிட். எளிதாக வளையும் மென்மையான போர்டாக இருக்கட்டும்.

• சமப்படுத்திய சரிவில் வேகமாக, ஆழமாகத் திரும்பிப் போக ஆசை: கேம்பர்.

• மரங்களுக்கு நடுவில், யாரும் போகாத மென்பனியில் போகணும்: மூக்கில் தாராளமாக ராக்கர், பின்காலுக்கு அடியில் கேம்பர் உள்ள போர்டு. முழு கேம்பரில் போனால் மூக்கைத் தூக்கிப் பிடித்தே பின்கால் தொடை வெந்துவிடும்.

• குதித்தல், கம்பிமேல் சறுக்குதல்: பெரிய ஜம்புக்கு கேம்பர், கம்பிக்கும் சின்னச் சின்ன ட்ரிக்குக்கும் ஃபிளாட் அல்லது ராக்கர்.

• கொஞ்சம் எல்லாமே: ஹைபிரிட். முடிவு எடுக்க முடியவில்லை என்றாலும் இதுவே.

'புதுசா கத்துக்கறவங்களுக்கு ராக்கர்'... குல்மார்க்கில் இது சரியா?

இணையத்தில் அதிகம் சுற்றும் அறிவுரை இது. பாதிதான் சரி.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோண்டோலாவின் முதல் கட்டம் கோங்டோரி வரை, இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் வரை போகிறது. உலகம் முழுக்க சறுக்கு வீரர்கள் தேடி வருவது அந்த மேல்மலை மென்பனிக்காகத்தான். ரீல்ஸில் பறப்பவர்களும் அங்கேதான் பறக்கிறார்கள்.

முதல் முறை போகிறவர் நிற்பது கீழே, ஊரை ஒட்டிய இளஞ்சரிவில். பலர் மிதித்து மிதித்து இறுகிய பனி அது. பகல் வெயிலில் இளகி, இரவில் உறைந்து, காலை 10 மணிக்குக் கண்ணாடி மாதிரி கிடக்கும். முழு ராக்கர் போர்டு அங்கே பிடி இல்லாமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். நிறுத்தக் கற்றுக்கொள்வதே பாடாகிவிடும். அதனால்தான் புதியவருக்கு முழு ராக்கரைவிட ஃபிளாட்டோ மித ஹைபிரிட்டோ மேல்.

பனியும் இப்போது சொன்ன தேதிக்கு வருவதில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க்கில் புல்வெளி தெரிந்தது, சுற்றுலாப் பயணிகள் ஏமாந்து திரும்பினார்கள். 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. மென்பனியை நம்பி போர்டு எடுத்தவர், இறுகிய பனியில் நிற்க நேரலாம். ஆகவே கனவில் வரும் பனிக்கு போர்டு எடுக்காதீர்கள். அன்றைக்குக் காலடியில் இருக்கும் பனிக்கு எடுங்கள்.

கடையில் 2 நிமிட டெஸ்ட்

வாடகைக் கடையில் "இது கேம்பரா, ராக்கரா?" என்று கேட்டால் எப்போதும் தெளிவான பதில் வராது. நீங்களே பார்த்துவிடலாம்.

1. போர்டைச் சமமான தரையில் வையுங்கள். நடுவில் ஒரு விசிட்டிங் கார்டை நுழையுங்கள். சுலபமாக நுழைந்தால் கேம்பர். நடுவில் நுழையாமல் நுனிப்பக்கங்களில் ஆழமாக உள்ளே போனால் ராக்கர்.

2. ஒரே அளவுள்ள இரண்டு போர்டுகளை அடியோடு அடி சேர்த்துப் பிடியுங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் கேம்பர்.

3. பல சீசன் ஓடிய போர்டில் கேம்பர் செத்துப்போயிருக்கும். பெயருக்குத்தான் கேம்பர், துள்ளல் இருக்காது.

4. எட்ஜைத் தடவிப் பாருங்கள் (க்ளவுஸ் போட்டுக்கொண்டு!). துருப்பிடித்து மழுங்கியிருந்தால் எந்த வளைவும் காப்பாற்றாது. மாற்றிக் கேளுங்கள்.

5. நீளத்தை உயரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், எடைதான் முக்கியம். பூட்ஸ் போட்டு நின்று பாருங்கள். கால்விரல் பக்கம் ரொம்ப வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அகலமான போர்டு தேவை.

வாங்கலாமா, வாடகையா?

வருஷத்துக்கு நாலு நாள் மட்டும் பனியைப் பார்ப்பவர் போர்டை விலைக்கு வாங்குவதில் அர்த்தமில்லை. விமானத்தில் ஏற்றிப் போகும் செலவு வேறு. அந்தப் பணத்தை இரண்டு விஷயத்தில் போடுங்கள். ஒன்று, பயிற்சியாளர். குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. இரண்டு, ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும். விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு. ஸ்னோபோர்டு கற்பவர்களுக்கு அதிகம் அடிபடும் இடங்களில் மணிக்கட்டு முக்கியமானது. லேப்டாப்பில் வேலை பார்ப்பவர் மணிக்கட்டு உடைந்தால் எத்தனை வாரம் உட்காரவேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எந்த வளைவும் பனிச்சரிவிலிருந்து காப்பாற்றாது. 2024 பிப்ரவரியில் குல்மார்க் பனிச்சரிவில் சிக்கி ரஷ்ய சறுக்கு வீரர் ஒருவர் உயிரிழந்தார். சமப்படுத்திய சரிவைத் தாண்டி, வழிகாட்டியும் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையும் இல்லாமல் போகவே கூடாது.

முதல் இரண்டு நாள் ஃபிளாட்டில் நின்று பழகுங்கள். மூன்றாம் நாள் அதே கடையில் ஒரு கேம்பரைக் கேட்டு வாங்கி, அதே சரிவில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எட்ஜ் பனியைக் கடிப்பதும், திருப்பத்தின் முடிவில் போர்டு தூக்கிவிடுவதும் காலுக்கே தெரியும். பிடித்துப்போனால் அடுத்த மார்கழிக்கு என்ன எடுக்கவேண்டும் என்று கடைக்காரர் சொல்லத் தேவையே இருக்காது.