சிறு விமானத்தின் முதற் பயணம்



கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றிக் கொடிவேரி அணையின் தடப்பள்ளி வாய்க்கால் பாயும் வயல்களில், அறுவடை முடிந்தபின் தாள் மட்டும் நிற்கும். அவ்வெட்டவெளியைக் காணும்போது, தாம் செய்த மாதிரி விமானத்தை அங்கே பறக்கவிட வேண்டுமென்று இளைஞர் ஆசைப்படுவது இயல்பே. எனினும், ஒன்றரைக் கிலோ எடையுள்ள விமானம் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், அதே எடையுள்ள கல் 11 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். வரப்பில் புல்லறுக்கும் ஒருவர் தலைமேல் அது விழலாமா? ஆகவே, முதற் பயணத்தின் வெற்றி வானில் அன்று, தரையிலேயே முடிவாகிறது.

வானொலி அலையால் ஒரு பொறியை இயக்க இயலும் என்பதை 1898ஆம் ஆண்டில் நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரில் ஒரு சிறு படகின் மூலம் காட்டினார். இன்று கையடக்கமான டிரான்ஸ்மிட்டர் ஆணையிடுகிறது; விமானத்திலுள்ள ரிசீவர் அதனைக் கேட்டு மோட்டாரையும் சுக்கான்களையும் இயக்குகிறது.

முதலில் ஈர்ப்பு மையத்தைப் பாருங்கள். பாட்டரியைப் பொருத்தியபின், இரு சிறகுகளின் அடியிலும் விரல்நுனி கொடுத்துத் தூக்குங்கள். பழகுவோருக்கான சாதாரண விமானத்தில், சிறகின் அகலத்தில் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கிற்குள் அது சமனாக நிற்றல் வேண்டும். அகலம் 20 சென்டிமீட்டரானால், 5 முதல் 6.5 சென்டிமீட்டர் வரை. வால் கனத்தால், சற்றே உயர்ந்த மூக்கு தானே தாழாமல் மேலும் மேலும் உயரும், விமானம் அடங்காது. பாட்டரியை முன்னே நகர்த்துவதே பரிகாரம்.

அடுத்து, முன்விசிறியைக் கழற்றிவிட்டு, விமானத்தின் பின்னால் நின்று சுக்கான்களைச் சோதியுங்கள். பிடியை வலப்புறம் தள்ளினால் வலச் சிறகின் மடிப்பு உயரவும், இடச் சிறகின் மடிப்பு தாழவும் வேண்டும். பிடியைத் தம்பக்கம் இழுத்தால் வாலின் கிடைப்பலகை மேலெழ வேண்டும். முன்னால் நின்று பார்த்தால் இடவலம் மயங்கும். எதிர்மாறாகப் பொருத்திய சுக்கானைத் திருத்தும் அவகாசம் வானில் கிடையாது.

பிறகு டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். தொடர்பு அறுந்தவுடன் மோட்டார் தானே நிற்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரின் ஆற்றலைக் குறைக்கும் சோதனை முறையில், தயாரிப்பாளர் குறித்த தொலைவு நடந்து சென்று, சுக்கான்கள் தடையின்றி அசைகின்றனவா என்றும் காணுங்கள். எப்பொழுதும் டிரான்ஸ்மிட்டரை முதலில் இயக்கி, இறுதியில் அணையுங்கள். விசிறியைப் பூட்டியபின் அதன் முன்னும் பக்கத்திலும் எவரும் நிற்றலாகாது. விரலைத் துண்டிக்கும் வலிமை அதற்குண்டு.

‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பது பழமொழி. பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டில் வீசும் தென்மேற்குக் காற்று பழகுவோருக்கு உகந்ததன்று. காற்று அடங்கிய விடியற்காலையில், தென்னந்தோப்பும் மின்கம்பிகளும் இல்லாத இடத்தில், நிலக்காரரின் இசைவு பெற்று, காற்றை எதிர்நோக்கி விமானத்தை எழுப்புங்கள். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி விமானம் கண்பார்வைக்குள்ளேயே இருத்தல் வேண்டும். அவ்விடம் பசுமை மண்டலமா, அங்கு எவ்வளவு உயரம் பறக்கலாம் என்பதை அரசின் வான்வெளி வரைபடத்தில் முன்னரே அறிந்துகொள்ளுங்கள். தேர்ந்த ஒருவரையும் உடன்வைத்துக் கொள்ளுங்கள்.

விமானம் உங்களை நோக்கி வருகையில் இடவலம் தடுமாறினால், தாழ்ந்த சிறகு எப்பக்கம் தோன்றுகிறதோ அப்பக்கம் பிடியைத் தள்ளுங்கள், விமானம் நிமிரும். ஆள் நிற்கும் திசையில் அது திரும்பி, மீட்க இயலாதெனத் தோன்றினால், மோட்டாரை நிறுத்தி ஆளில்லாத வயலில் விழவிடுங்கள். ஒடிந்த சிறகை ஒட்டிவிடலாம். ஒருவர் கண்ணை மீட்டுத்தர நம்மால் இயலுமோ?