நாய் உரிமையாளர் கையில் ஒரு பை

நாயைப் பொது இடத்துக்கு அழைத்துச் செல்பவர், அது கழிக்கும் மலத்தைத் தாமே எடுத்து அப்புறப்படுத்த வேண்டும் என்ற சட்டம் நியூயார்க் நகரில் 1978 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மீறினால் 100 டாலர் வரை அபராதம். இன்று அது 250 டாலர். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களுக்கு விலக்கு உண்டு.

அதுவரை நகரம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: நாயை நடைபாதையிலிருந்து இறக்கித் தெருவோரம் நிறுத்துங்கள், துப்புரவு வண்டி வந்து பெருக்கிக்கொள்ளும். தெருவோரம் முழுக்கக் கார்கள் நிற்கத் தொடங்கியதும் வண்டிக்கு வழியில்லாமல் போயிற்று. நாய்களோ பல லட்சம். மேயர் எட் காச் மாநிலச் சட்டமன்றத்தின் வழியாகச் சட்டம் கொண்டுவந்தபோது எதிர்ப்பும் இருந்தது. குனிய முடியாத முதியவர்கள் என்ன செய்வார்கள், நாயைத் தெருவில் விட்டுவிட மாட்டார்களா என்று கேட்டார்கள்.

அருவருப்பும் நாற்றமும் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாதது டாக்ஸோகாரா என்ற உருண்டைப்புழு. நாயின் குடலில், குறிப்பாகக் குட்டிகளிடம், இது வாழ்கிறது. முட்டைகள் மலத்தோடு வெளியேறுகின்றன. புதிய மலத்தில் உள்ள முட்டை நோய் பரப்பாது. மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்து முதிர்ந்த பிறகே அது தொற்றும். அதற்குள் மழை மலத்தைக் கரைத்திருக்கும், இடமும் சுத்தமாகத் தெரியும். முட்டைகளோ மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கிலும், மண்ணில் பிழைத்துக் கிடக்கும். மண்ணில் விளையாடிய விரலை வாயில் வைக்கும் குழந்தையின் உடலில் புகும் புழுக்கள் கல்லீரல், நுரையீரல் என்று அலைகின்றன. கண்ணுக்குள் போனால் பார்வையே பாதிக்கப்படலாம். சூட்டோடு எடுத்துவிட்டால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடுகிறது.

இந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மலத்தை எடுக்காமல் போவதை அதிகாரி நேரில் பார்த்தால்தான் அபராதம் போட முடியும். அப்படி மாட்டியவர்கள் குறைவு. ஆனாலும் நகரம் மாறியது. எதிரே வரும் அயலார் முறைப்பதற்கு இருந்த வலிமை அபராதச் சீட்டுக்கு இருக்கவில்லை.

பாரிஸ் வேறு வழியில் போனது. ஜாக் சிராக் மேயராக இருந்த 1982இல், மலத்தை உறிஞ்சி எடுக்கும் மோட்டார் சைக்கிள்களை நகராட்சியே ஓட்டத் தொடங்கியது. செலவு ஏறியது, உரிமையாளர்கள் கைகட்டி நின்றார்கள். 2004இல் அந்த வண்டிகள் நிறுத்தப்பட்டன. காசு கொடுத்துப் பொறுப்பின்மையை வளர்த்த திட்டம் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. பையைக் கையுறைபோல் மாட்டி அள்ளி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி முடிச்சிட்டுக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். மழைநீர் வடிகாலில் தள்ளினால் கிருமிகள் ஆற்றுக்கும் கடலுக்கும் போகும். காய்கறித் தோட்டத்துக்கு உரமாகவும் போடக் கூடாது. வீட்டு உரக்குழியின் சூடு புழு முட்டைகளைக் கொல்லப் போதாது.