மீண்டும் கற்ற மனம்

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோகிராம். நாம் நடப்பதும் பேசுவதும் மட்டுமன்றி, மகிழ்வதும் வருந்துவதும் மூளையின் செயல்களே. எனவே, மூளை காயமுற்றால் உடலோடு உள்ளமும் தளர்கிறது. காரணமின்றிச் சினமோ அழுகையோ அச்சமோ தோன்றலாம். இவை ஒருவரின் குணக்கேடு அல்ல, காயத்தின் விளைவுகள்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜில் போல்ட் டெய்லர் மூளையை ஆராயும் அறிவியலறிஞர். 1996ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் காலை, அவருடைய மூளையின் இடப்பக்கத்தில் ஓர் இரத்தக் குழாய் வெடித்தது. அப்போது அவருக்கு வயது 37. நான்கு மணி நேரத்திற்குள் நடக்கவும் பேசவும் படிக்கவும் எழுதவும் இயலாதவரானார். 'தாய்' என்றால் யார் என்பதும் அவருக்கு விளங்கவில்லை. சில வாரங்களுக்குள் அறுவை மருத்துவம் செய்து, கோல்ஃப் பந்து அளவிலான இரத்தக் கட்டியை மருத்துவர்கள் அகற்றினர்.

செய்தியறிந்து வந்த தாய், படுக்கையில் ஏறி மகளை அணைத்துக்கொண்டார். வந்தவர் யாரென அறியாவிடினும், அந்த அன்பை மகள் உணர்ந்தார். பின்னர் அத்தாயே ஆசிரியரானார். குழந்தைகளுக்கான கதைநூலைக் கொண்டு எழுத்துகளை மீண்டும் கற்பித்தார். "உண்கிறாயா?" என்று வினவாமல், இரண்டு மூன்று உணவுகளின் பெயர்களைக் கூறி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்தார். மகள் சிந்திக்க வேண்டும் என்பதே அவரது நோக்கம். மகள் களைத்தபோது உறங்கவிட்டார். சிறு வெற்றியையும் கொண்டாடினார்.

சொற்கள் விளங்காத நாள்களிலும், எவர் பரிவோடு வருகிறார், எவர் பதற்றத்தோடு வருகிறார் என்பதை டெய்லர் உணர்ந்தார். உரத்த குரல் அவரைத் துன்புறுத்தியது. மெதுவாகப் பேசியவர்களின் பொறுமை அவருக்கு ஊக்கமளித்தது.

மூளையின் உயிரணுக்கள் பயிற்சியால் புதிய இணைப்புகளை உருவாக்கிக்கொள்ள வல்லவை. ஆயினும் அதற்குக் காலம் வேண்டும். டெய்லர் முழுமையாக நலம்பெற எட்டு ஆண்டுகள் ஆயின. தம் அனுபவத்தை அவர் நூலாக எழுதி, அதனைத் தாய்க்குக் காணிக்கையாக்கினார். தம் உடலின் உயிரணுக்களுக்கும் நன்றி கூறும் பழக்கத்தை மேற்கொண்டார்.

நன்றியுணர்வு இழந்த அனைத்தையும் மீட்டுத் தருவதில்லை. காயமுற்ற அனைவரும் முழுமையாக நலம்பெறுவதும் இல்லை. எனினும், எஞ்சியிருப்பதைக் காணவும், உடனிருப்போரை மதிக்கவும் அது கற்பிக்கிறது. நோயுற்றவருக்கு நாம் அளிக்கக்கூடிய பெரிய உதவி பொறுமையே. அவர் சொல்லைத் தேடித் தயங்கும்போது, நகையாமல் காத்திருப்பதும் மருந்தாகும்.

சிந்தித்து விடை தருக

1. உணவைத் தேர்ந்தெடுக்குமாறு தாய் கூறியது ஏன்?
2. பேசத் தடுமாறும் ஒருவரிடம் நீங்கள் எவ்வாறு நடந்துகொள்வீர்கள்?